சாய்வுத் தொட்டி பொம்மை ரேக்: பிள்ளைகள் கைக்கு எட்டுகிறதா?

மரச் சட்டத்தில் மூன்று வரிசையாகச் சாய்த்து மாட்டப்பட்ட பிளாஸ்டிக் தொட்டிகளைக் கொண்ட பொம்மை ரேக், இப்போது பல நிறுவனங்களின் பெயரில் ஏறக்குறைய ஒரே வடிவில் விற்கப்படுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வயது மகனும் ஆறு வயது மகளும் அப்படியொன்றைப் பயன்படுத்திவருகிறார்கள். விருந்தினர் கண்ணில் படாமல் பொம்மைகளை மறைத்துவைக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. பிள்ளைகளே எடுத்துப் பிள்ளைகளே திருப்பி வைக்க வேண்டும் என்று எண்ணுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மூடி போட்ட பெரிய பெட்டியில், அடியில் கிடக்கும் ஒரு சின்னக் காருக்காகப் பிள்ளை மொத்தத்தையும் தரையில் கவிழ்த்துவிடும். கனமான மூடி தலையிலோ கழுத்திலோ விழும் ஆபத்தும் உண்டு. இந்த ரேக்கில் மூடியே கிடையாது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துச் சற்றே தூக்கினால் கழன்று வந்துவிடுகிறது. மகன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போய்ப் பாயில் வைத்து விளையாடுகிறான். திரும்ப மாட்டும்போது மட்டும் ஒரு பக்கம் கம்பியில் உட்காராமல் சரியும். அங்கே பெரியவர் கை தேவைப்படுகிறது.

தொட்டிகள் வெவ்வேறு நிறத்தில் இருப்பதுதான் இதன் பெரிய வசதி. "எல்லாவற்றையும் எடுத்து வை" என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளை, "சக்கரம் இருப்பதெல்லாம் நீலத் தொட்டிக்கு" என்றால் உடனே குனிந்து பொறுக்கத் தொடங்குகிறது. நிறுவனம் தரும் ஸ்டிக்கர்களில் உள்ள கரடியும் ரயிலும் நம் வீட்டுப் பொம்மைகளோடு பொருந்துவதில்லை என்பதால், அவரவர் பொம்மைகளையே படமெடுத்து அச்சிட்டு ஒட்டுவது நல்லது. எங்கள் வீட்டில் எந்தப் படம் எந்தத் தொட்டிக்கு என்று முடிவுசெய்தவள் மகள்தான்; அதனால் தம்பி மாற்றி வைத்தால் அவளே திருத்துகிறாள், சில நேரம் தேவைக்கு மேல் அதட்டலோடு.

எல்லாத் தொட்டிகளையும் நிரப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரமும் பலவிதமாகவும் விளையாடியது தெரியவந்தது. நாங்களும் பாதிப் பொம்மைகளைப் பரண்மேல் வைத்து அவ்வப்போது மாற்றுகிறோம். குறைவாக இருந்தால் எடுத்துவைப்பதும் சீக்கிரம் முடிகிறது.

குறைகளும் உண்டு. அடிவரிசைத் தொட்டிகள் தேவைக்கு மேல் ஆழமானவை. அவற்றில் கட்டைகளைப் போட்டால் பழையபடி கவிழ்த்துத் தேடும் கதைதான். திறந்த ரேக் என்பதால் சிறு துண்டுகள் கொண்ட பொம்மைகளுக்கு இதில் இடமில்லை. சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுவதுமாக அடங்கும் துண்டுகள் மூன்று வயதுக்குட்பட்டவர்களின் தொண்டையில் சிக்கக்கூடியவை என்றே பொம்மைப் பாதுகாப்புத் தரங்கள் கருதுகின்றன. மகளின் மணிகளும் சிறு கட்டைகளும் தனி டப்பாவில் உயரமான அலமாரிக்குப் போயின.

எடை குறைந்த ரேக் என்பதால், பிள்ளை அடித்தொட்டியில் கால் வைத்து ஏறினால் முன்பக்கம் சாயும். உடன் வரும் சுவர்ப் பட்டை சரியானதே, ஆனால் அதற்கான திருகுகள் மிகக் குட்டையானவை. சுவருக்கு ஏற்ற நீளமான திருகும் பிளக்கும் வாங்கி இறுக்கிய பிறகே பொம்மைகளை அடுக்க வேண்டும்.