ராமனியின் பேச்சுக்கு ஒரு கெட்டி அட்டை
கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருந்து ஐ.நா.வுக்கான மலேசியத் தூதரானவர் ஆர். ராமனி. 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்கே தலைமை தாங்கினார். கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் உள்நாட்டுச் சண்டைக்குள் அமெரிக்கா படை இறக்கிய விவகாரம் சூடாக ஓடிய மாதம் அது. அந்தக் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் இறக்கி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் புத்தகமாகக் கட்டக் கொடுத்தேன்.

அட்டை அருமை, தங்க எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஆனால் உள்ஓரத்தில் இடமே விடவில்லை. இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்துகள் கட்டுக்குள் போய்விட்டன. வக்கீல் பேச்சில் ஒரு சொல் போனாலும் வாதம் போச்சே! “அண்ணே, இதைப் படிக்கணுமே” என்றதும், முகம் சுளிக்காமல் மறுபடி அச்சடித்துத் தந்தார். கூடுதல் காசு வாங்கவில்லை.

பசைக் கட்டு வேண்டாம், நூல் தையலே கேளுங்கள். அப்புறம், சனிக்கிழமை போகாதீர்கள். காடி நிறுத்த இடம் கிடைக்காது.