காரைக்குடியில ரன்னிங் சாக்ஸ் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு போங்க

மார்கழி பிறந்தாச்சு, தைப்பூசத்துக்குப் பழனி நடைக்குப் போறவங்க சாமான் வாங்க ஆரம்பிச்சிருப்பீங்க, அதனாலதான் இதை இப்பவே எழுதுறேன்.

நான் மூணு வருஷமா காலையில ஓடுறவன். முதல் தடவையா ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடணும்னு தயாராயிட்டு இருந்தேன். கூட ஓடுற அண்ணன் ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பாரு, "தம்பி, காட்டன் சாக்ஸ் வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாவே கிடக்கும், ஈரத் தோலு உரசுனா கொப்புளம்தான், பாலியஸ்டரோ நைலானோ போட்டுப் பின்னுன ரன்னிங் சாக்ஸா வாங்கு"ன்னு. சரின்னு டவுனுக்குள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டு, இம்போர்ட் சரக்கு, 92 சதவீதம் நைலான், ஜோடி 450 ரூபாய்னாரு. எங்க சித்தப்பா நடைக்குப் போவாரு, சுகர் வேற இருக்குன்னு சொன்னதும், "அட, அவருக்கும் இதேதான் நல்லது, காலுக்கு மெத்தை மாதிரி இருக்கும்"னாரு. நானும் நம்பி எனக்கு ரெண்டு, அவருக்கு ஒண்ணுன்னு 1350 ரூபாய் போன்ல அனுப்பிட்டு வந்தேன். பில்லுனு கேட்டதுக்கு கடை பேர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைச்சுது.

ஞாயித்துக்கிழமை குன்றக்குடி வரைக்கும் ஓடலாம்னு கிளம்புனேன், பத்து கிலோமீட்டர் பக்கம் வரும். ஏழாவது கிலோமீட்டர்லயே சுண்டுவிரலுக்குக் கீழ எரிச்சல், எப்படியோ போய்ச் சேர்ந்து மலையடிவாரத்துல உக்காந்து கழட்டிப் பாத்தா புளியங்கொட்டை சைஸுக்குக் கொப்புளம், சாக்ஸைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. பஸ் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அதை உள்பக்கமாத் திருப்பிப் பாத்தேன். விரல் பக்கத்துத் தையல் சாக்கு மூட்டை வாயைத் தைச்ச மாதிரி மேடா நிக்குது, நல்ல ரன்னிங் சாக்ஸ்ல அந்த இடத்தைக் கண்ணி கண்ணியாச் சேர்த்து முடிச்சிருப்பாங்க, விரலை ஓட்டுனா தட்டுப்படவே படாது. எல், ஆர்னு அடிச்சிருக்கே தவிர ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அச்சு அசல் ஒரே பின்னல், இடது வலதுன்னு எந்த வித்தியாசமும் இல்ல. பாதத்தைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற பட்டை மாதிரி தெரிஞ்சதும் வெறும் கலர் கோடு, இழுத்தா மத்த இடம் மாதிரியேதான் போகுது. உள்ள இருந்து ஒரு நூலைப் பிரிச்சுக் கொளுத்துனேன். நைலான்னா உருகிக் கெட்டியா மணி மாதிரி சுருளணும், இது பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாக் கொட்டிருச்சு. அசல் காட்டன்! பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எம்ஆர்பி இல்ல, இறக்குமதி பண்ணவங்க பேரு விலாசம் இல்ல, மாசம் வருஷம் இல்ல. 2011 விதிப்படி பாக்கெட் போட்டு விக்கிற பொருள்ல இதெல்லாம் இருந்தே ஆகணும், வாங்கும்போதே நான் பாத்திருக்கணும்.

சித்தப்பாவுக்கு உடனே போன் பண்ணேன். சித்திதான் எடுத்தாங்க. அவரு ரெண்டு நாளா அதைப் போட்டுக்கிட்டு நடந்து பழகியிருக்காரு, சுகர்னால பாதத்துல உணர்ச்சி கம்மி, கொப்புளம் வந்து உடைஞ்சதே அவருக்குத் தெரியல, சித்தி துவைக்க எடுக்கும்போது சாக்ஸ்ல ரத்தக் கறை இருந்திருக்கு. பன்னெண்டு நாள் டிரெஸ்ஸிங். சுகர் உள்ளவங்க கால்ல புண்ணு வந்தா எதுல கொண்டு போய் விடும்னு நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். என் கொப்புளத்தை விடுங்க, இதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

கடைக்குப் போனேன். "போட்டுக் கழட்டுன சாக்ஸை யாரு தம்பி திரும்ப எடுப்பா"ன்னாரு, அது நியாயம்தான், ஆனா பிரிக்காத ஒரு ஜோடி இருந்துச்சே, அதையும் எடுக்கல. லேபிள் பொய்யின்னு நூலைக் கொளுத்தியே காட்டுனேன், "கம்பெனிக்காரன் போட்டதுக்கு நான் என்ன பண்றது"ன்னு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு. 2019 நுகர்வோர் சட்டத்துல பில் குடுக்க மாட்டேங்கிறதே முறையற்ற வணிகம்னு இருக்கு, குறையுள்ள பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மறுத்தாலும் அப்படித்தான். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சிருக்கேன், பணம் அனுப்புன ரெக்கார்டு, பாக்கெட்டு, பிரிக்காத ஜோடி எல்லாம் பத்திரமா இருக்கு.

நீங்க வாங்கப் போனா பிரிச்சுக் காட்டச் சொல்லி விரல் தையலைத் தடவிப் பாருங்க, கடை பேரு போட்ட பில்லு இல்லாம நகராதீங்க. வெறுங்கால்ல சாக்ஸ் மட்டும் போட்டு தார் ரோட்டுல நடக்கிற பெரியவங்களுக்கு வாங்குறீங்கன்னா தயவுசெஞ்சு நீங்களே கூடப் போய்ப் பாத்து வாங்கிக் குடுங்க, அன்னன்னைக்கு நடை முடிஞ்சதும் அவங்க பாதத்தையும் ஒருதரம் பாத்துருங்க.

சித்தப்பா பதினாலு வருஷமா ஒரு வருஷம் விடாம நடந்தவரு. இந்த வருஷம் டாக்டர் வேண்டாம்னுட்டாரு, பழனிக்கு வண்டியிலதான் வர்றாரு.