அம்பாசடர் ஸ்டார்ட் ஆகவில்லையா: பாயிண்டா, எலக்ட்ரானிக்கா?

பழைய பெட்ரோல் அம்பாசடரில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே "பாயிண்டைக் கழற்றிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டுங்க" என்று யாராவது சொல்வார்கள். பாயிண்ட் என்பது திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்; எலக்ட்ரானிக் என்பது அதே வேலையை மின்னணுப் பெட்டியால் செய்யும் இக்னிஷன். மாட்டலாம். பழுது அங்கேதானா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் வோல்ட் மீட்டரை வையுங்கள். 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையில் துரு ஏறியிருக்கலாம். இந்தக் கோளாறுகளை எந்த இக்னிஷனும் தீர்க்காது.

அடுத்து, 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்றை, காயிலிலிருந்து (பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது, பாயிண்ட் இதற்குள் இருக்கும்) போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. பாயிண்டோடு இணைந்த கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், அதன் மூடி பக்கம் தேடுங்கள். அணையாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் எங்கோ எர்த் ஆகிறது.

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பெரும்பாலும் பல்பு அணையாது. பாயிண்ட் முகத்தில் படலம் படிந்திருக்கும். 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு கேம் (டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உள்ள மேடு) முனை பாயிண்டின் குதிகாலை, அதாவது கேமில் உரசும் பகுதியை, முழுக்கத் தூக்கும் இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.36 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஹேக்ஸா பிளேடை நுழைத்து அளக்கிற பழக்கம் தவறு: அதன் தடிமன் சுமார் 0.65 மி.மீ., அது பிளக்குக்கான அளவு. பாயிண்டை அவ்வளவு திறந்தால் மூடியிருக்கும் நேரம் குறைந்து காயில் நிரம்பாது, பொறி மஞ்சளாக நலிந்து வரும். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும் என்பதால் டைமிங்கை அதன் பிறகுதான் தொட வேண்டும். கேமில் துளி கிரீஸ் இல்லையென்றால் குதிகால் தேய்ந்து இடைவெளி மறுபடி சுருங்கிவிடும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிற வண்டியில் எவ்வளவு கவனமாக வைத்தாலும் பாயிண்ட் இடைவெளி நிலைக்காது. எலக்ட்ரானிக் அசலாக ஜெயிப்பது இங்கேதான். தேயும் குதிகால் இல்லை, ஷாஃப்ட் ஆட்டமும் அவ்வளவாகப் பாதிக்காது, காலைக் குளிரிலும் ஒரே மாதிரி பொறி. ஆனால் பாசிடிவ், நெகடிவ் மாறினால் மாட்யூல் (அந்த மின்னணுப் பெட்டி) பல நேரம் அந்த நொடியே போய்விடும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைத்தால் சூடேறிக் கெடும் மாட்யூல்களும் உண்டு. காயில் ரெசிஸ்டன்ஸ் கிட்டோடு வரும் தாளில் உள்ளபடி இருக்க வேண்டும். பொதுவாக 3 ஓம் இருக்கும்; 1.5 ஓம் காயில் பல மாட்யூல்களுக்கு ஆகாது. பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு பொறி பார்க்கவும் கூடாது.

பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது பாயிண்ட் குறைந்த வோல்ட்டிலும் பொறி கொடுக்கும். மாட்யூல் பல நேரம் கொடுக்காது.

வாரம் இரண்டு முறையாவது ஓடும் வண்டிக்கு எலக்ட்ரானிக்கே மேல். எப்போதாவது எடுக்கும் வண்டிக்கும், மெக்கானிக் கிடைக்காத ஊர்ப்பக்கம் போகும் வண்டிக்கும் பாயிண்டை மாற்ற வேண்டாம். எலக்ட்ரானிக் மாட்டியே தீருவது என்றால், கழற்றிய பாயிண்ட் தட்டைப் பிரிக்காமல், புதுக் கண்டென்சர், திருப்புளி, 0.40 ஃபீலர் தகட்டோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.