இன்ஹேலர் பையிலா, ஆபீஸ் ரூமிலா?

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் நீல நிற சால்பியூட்டமால் (மூச்சுத் திணறினால் உடனே அடிக்கிற மருந்து) இன்ஹேலரைப் பள்ளியில் எங்கே வைப்பது என்று கேட்டால், பல பள்ளிகள் ஆபீஸ் ரூம் பீரோவைத்தான் காட்டும். தொலையாது, மற்ற பிள்ளைகள் எடுத்து விளையாட மாட்டார்கள், எப்போது எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்று எழுதியும் வைக்கலாம். சரி. ஆனால் பி.டி. பீரியடில் ஓடிவிட்டு வீசிங் வந்தால், மைதானத்திலிருந்து மாடியேறி, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி, அதற்குள் என்ன ஆகும்? மூச்சு இரைக்கிற பிள்ளையை அப்படி நடக்க விடவே கூடாது.

பையில் இருந்தால் உடனே அடிக்கலாம், சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் விரியத் தொடங்கும். குறை என்னவென்றால், சின்னப் பிள்ளைகளுக்குத் தானே சரியாக அடிக்க வராது, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்துகிற குழாய்) வேண்டும், கூட இருந்து பிடிக்க ஒரு பெரியவரும் வேண்டும். அப்புறம் மருந்து தீர்ந்தது தெரியாமல் காலி டப்பாவை அமுக்கும் ஆபத்தும் உண்டு, அதனால் எத்தனை முறை அடிக்க மருந்து மீதி என்று காட்டும் கவுண்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், தானே அடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பைதான். சின்னவர்களுக்கு வகுப்பு டீச்சரின் மேசையில், பூட்டாமல். மைதானத்துக்குப் போகும்போது அதுவும் கூடவே போக வேண்டும். பள்ளியிலும் ஒன்று உபரியாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல் பள்ளிகளே மருந்துச் சீட்டு இல்லாமல் அவசரத்துக்கு வாங்கி வைக்கலாம்.