கூகுள் எழுத்து விளம்பரம்: ஒரு வாட்ச் மெக்கானிக் கணக்குப் பார்க்கிறேன்

சாவி கொடுக்கும் வாட்ச், ஆட்டோமேட்டிக் வாட்ச் இரண்டும்தான் என் தொழில். மூன்று வருஷமாகக் கூகுள் தேடலில் எழுத்து விளம்பரம் போடுகிறேன். தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90. அதற்குள் சொல்லி முடிக்கணும்.

முதல் மாதம் பணம் தண்ணீராய்ப் போனது. தப்பு என்னுடையது. ‘வாட்ச் ரிப்பேர்’ என்ற கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரணும் என்று நாம் கொடுக்கும் சொல்) பிராட் மேட்ச்சில், அதாவது தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வரும்படி, அவிழ்த்து விட்டிருந்தேன். எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்ற பட்டியலைத் திறந்தால், ‘வாட்ச் ரிப்பேர் வேலை’, ‘வாட்ச் கழற்றுவது எப்படி’, ‘ஸ்மார்ட் வாட்ச் சார்ஜ் ஏறவில்லை’! ஒருத்தர் போன் போட்டு, சம்பளம் எவ்வளவு தருவீர்கள் என்றே கேட்டுவிட்டார். அன்று ராத்திரியே வேலை, கோர்ஸ், எப்படி, ஸ்மார்ட் எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டில், அதாவது இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டாதே என்ற பட்டியலில், போட்டேன். ‘ஸ்மார்ட்வாட்ச்’ என்று சேர்த்து எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று.

அப்புறம் தலைப்பு. ‘எல்லா வாட்ச்சும் சரிசெய்வோம்’ என்றிருந்ததை ‘வாட்ச் ஸ்லோவாக ஓடுகிறதா?’ என்று மாற்றினேன். கிளிக் குறைந்தது. ஆனால் கூப்பிட்டவர்கள் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

2000-ல் கூகுளின் இந்த விளம்பரச் சேவை ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது விளம்பரதாரர்கள் வெறும் 350 பேர். அந்தக் காலத்தில் எழுதியது எழுதியபடி வரும். 2022 ஜூன் 30-க்குப் பிறகு அப்படிப் புது விளம்பரம் போட வழியில்லை. 15 தலைப்பு வரை கொடுத்தால் எதை எதோடு சேர்ப்பது என்று இயந்திரம் முடிவு செய்யும். நான் மூன்று கேள்வித் தலைப்பு கொடுத்து வைக்க, இரண்டு ஒட்டி வந்து போலீஸ் விசாரணை மாதிரி நின்றன. இப்போது ஒன்றை மட்டும் முதல் இடத்திலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) குத்திவிட்டேன்.

இனி எத்தனை நாள் ஓடும்? 2024-லிருந்து தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐயே பதில் எழுத ஆரம்பித்துவிட்டது. ‘எப்படி’ என்று கேட்பவர்கள் அங்கேயே திருப்தியாகிவிட்டால் எனக்கு லாபம்தான். அவர்களைத் தடுக்கத்தானே இவ்வளவு பாடு. ‘யாரிடம் கொடுக்கலாம்’ என்பதையும் அதனிடமே கேட்டால்தான் என் 30 எழுத்துக்கு ஆபத்து.

யாருமே தேடாத புதுப் பொருள் விற்கிறவர்கள் இதில் காசு போடாதீர்கள், ஆசையைக் கிளப்ப இதனால் முடியாது. பொருள் கெட்டுப்போய் ஆள் தேடுகிறவர்கள் உங்கள் வாடிக்கையாளர் என்றால் தாராளமாகப் போடலாம். எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்ற பட்டியலை மட்டும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். நேற்றுகூட ‘சுவர்க் கடிகாரம்’ நுழைந்திருந்தது.