போஸ்ட்கிரஸின் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’: இரண்டு வருடம் புழங்கிய பிறகு

ஒரு மொத்த மருந்துக்கடைக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்து, நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் விலைப் பட்டியல் ஒரு கோப்பாக வரும். இருக்கிற மருந்து என்றால் விலையை மாற்ற வேண்டும், புதிது என்றால் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முன்பு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் வைத்திருந்தேன். இருக்கிற மருந்தையே மறுபடி சேர்க்கப் போய் 1062 என்ற டூப்ளிகேட் பிழை வந்து நின்றபோது, அவசரத்துக்கு, மோதும் வரியை விட்டுவிடும் ‘இன்செர்ட் இக்னோர்’ போட்டேன். பிழை போனது, விலையும் மாறவில்லை. அது வேறு பல பிழைகளையும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’, அதாவது ஏற்கெனவே இருந்தால் அந்த வரியை மாற்று என்ற கட்டளை. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் பார்த்தால் இருமல் சிரப்புக்கு ஆயின்ட்மென்ட் விலை! டேபிளில் மருந்துக் குறியீடு, பார்கோடு இரண்டுமே யூனிக் கீ, அதாவது ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் இருக்கக் கூடாது. புதிய ஆயின்ட்மென்ட்டுக்கு யாரோ சிரப்பின் பார்கோடை அடித்திருக்கிறார்கள். எந்தக் கீ மோதினாலும் அது அப்டேட் செய்துவிடும். பல யூனிக் இன்டெக்ஸ் உள்ள டேபிளில் இதைத் தவிர்க்கும்படி கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். படிக்காதது என் தப்பு.

பிறகு போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறினேன். அதில் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ இருக்கிறது. எந்தக் கீ மோதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதலாம். நான் குறியீட்டை மட்டும் சொல்லி ‘டூ அப்டேட்’ போட்டேன். இப்போது பார்கோடு மோதினால் 23505 என்று டூப்ளிகேட் பிழை எண்ணைக் கத்திவிட்டு நின்றுவிடும். அன்றைய பட்டியல் மொத்தமும் உள்ளே போகாது, கடைக்குப் போன் போட வேண்டும். இருக்கட்டும், அந்தக் கத்தலுக்காகத்தான் மாறினேன்.

எரிச்சல்களும் உண்டு. ஒரே இன்செர்ட்டில் ஒரு குறியீடு இரண்டு முறை வந்தால், அதே வரியை மறுபடி தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கோப்பை முன்கூட்டியே சலித்துத்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, தானாக ஏறும் ஐடி எண். பழைய மருந்தின் விலையை மாற்றினாலும் ஓர் எண் செலவாகிவிடும். பட்டியலில் நாலாயிரம் வரி என்றால் நாளுக்கு நாலாயிரம் எண் காலி. “தம்பி, நடுவுல இவ்வளவு மருந்தைக் காணோமே, யாராவது அழிச்சிட்டாங்களா?” என்று கடைக்காரர் பதறிப்போய்க் கேட்டார். எண் கொடுக்கும் ஸீக்வென்ஸ் அப்படித்தான் என்று அரைமணி நேரம் விளக்கிப் பார்த்தேன். மறுநாள் அந்த ஐடியைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன்.