ஆக்சிஜன் சென்சார் மாட்டியாச்சுண்ணே என்றார்கள்

பழைய வண்டிக்கு எம்பிஎப்ஐ என்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) மாற்றலாம் என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஷெட் பெயரை இங்கே போடவில்லை.

எங்களுடையது மகேந்திரா எப்சி-150. மூக்கில்லாத வண்டி. என்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். அப்பச்சி காலத்திலிருந்து ஆத்தங்குடிக் கல் ஏற்றி ஓடிய வண்டி. பழைய ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் படுத்துவிட்டது, காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. அம்பாசடரில் வந்த ஐசூசு 1800 எம்பிஎப்ஐ வைத்துத் தருகிறோம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் என்றார்கள் ஷெட்டில். மொத்தம் 1,35,000 ரூபாய். ஆர்சியில் என்ஜின் நம்பர் ஏற்றுவதும் அவர்கள் பொறுப்பாம். அது இன்றுவரை நடக்கவில்லை. துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கில் ஒரு வரி: ‘ஆக்சிஜன் சென்சார் புதுசு 6,500’.

என்ஜினைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டார்ட் ஒரே திருப்பில். ஆனால் புதுவயல் வரைக்கும் போய் வருவதற்குள் கேபினுக்குள் பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரிக்கும். மைலேஜ் ஐந்தைத் தாண்டவில்லை. சைலன்சர் வாயில் விரலை வைத்தால் மை அப்பிக்கொள்ளும். கேட்டபோது, “லோடு வண்டிண்ணே, ஓட ஓடச் சரியாயிரும்” என்றார் ஷெட்காரர். மூன்று மாதம் ஓட ஓடப் பெட்ரோல் போட்டதுதான் மிச்சம்.

கடைசியில் தேவகோட்டையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் தம்பி ஒருவரிடம் விட்டேன். அவர் என்ஜின் பக்கமே போகவில்லை. சாவியை ஆன் செய்து டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “செக் லைட்டு எங்கண்ணே?” என்ஜினில் கோளாறு இருந்தால் காட்டும் மஞ்சள் லைட் அது. ஸ்டார்ட் பண்ணும் முன் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டுமாம். பேனலைக் கழற்றினால் ஹோல்டர் இருக்கிறது, பல்பு இல்லை. உருவி எடுத்திருக்கிறார்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தோம். சென்சார் இருந்தது. ஆனால் சைலன்சருக்கு அந்தப்பக்கம், குழாயின் அடிவயிற்றில், மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி வெல்டு வைத்திருந்தது. அதிலிருந்து நாலு வயர் கருப்பு ஸ்லீவுக்குள் போய், சேஸிஸ் ஓரமாக அழகாக டேக் போட்டுக் கட்டி, கேபின் தரை வரை வருகிறது. தம்பி ஸ்லீவை பிளேடால் கீறினார். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டருக்கான இரண்டு வெள்ளை வயரும், சிக்னல் போக வேண்டிய கருப்பு வயரும், சாம்பல் நிற எர்த்தும் ஒரே நீளத்தில் வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தது. எதிலும் சேரவில்லை. சும்மா போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தக் கட்டு, அந்த நேர்த்தி, அதுதான் வயிற்றெரிச்சல்.

சென்சாரும் புதிதில்லை. ஸ்பேனர் பட்டு முனை மழுங்கிய நட்டு, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த மூக்கு. இடுக்கு அடைக்கும் சாதா சிலிக்கான் பேஸ்ட்டின் ஆவி ஏறினால் அப்படி ஆகுமாம், அதோடு அது செத்த மாதிரிதான்.

இதனால் என்ன நஷ்டம் என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. கார்புரேட்டர் வண்டியில் ஸ்குரூவைத் திருகி விட்டால் முடிந்தது. எம்பிஎப்ஐயில் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை இந்தச் சென்சார்தான் ஈசியுவுக்கு, அதாவது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்கு, சொல்கிறது. சரியான கலவை என்பது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். பெட்ரோல் அதிகமானால் சென்சார் சிக்னல் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், குறைந்தால் 0.1க்கு இறங்கும். ஈசியு அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும். தகவலே வராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூடுதலாக ஊற்றும். சுமார் 300 டிகிரி சூடேறாமல் சென்சார் வாய் திறக்காது. அதற்குத்தான் உள்ளே ஹீட்டர். என்ஜினிலிருந்து புகை வெளியே வரும் மேனிபோல்ட் பக்கத்தில், குழாயின் மேல்பாதியில் சாய்வாக மாட்ட வேண்டும். அடியில் மாட்டினால் குழாயில் தேங்கும் தண்ணீர் அதன் மேல்தான் நிற்கும்.

தம்பி புது நாலு வயர் சென்சார் வாங்கி, சரியான இடத்தில் வெல்டு வைத்து, ஹீட்டருக்குத் தனி ரிலே கொடுத்தார். புகைக்குழாய் இணையும் பிளேஞ்சில் இருந்த லீக்கையும் அடைத்தார். சென்சாருக்கு முன்னால் காற்று புகுந்தால் அதுவே பொய் சொல்லுமாம். என்ஜின் சூடானதும் மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தார். 0.2, 0.8, 0.1, 0.7 என்று எண் நிற்காமல் ஊஞ்சலாடியது. இப்போது மைலேஜ் ஒன்பது.

பழைய சென்சாரைக் கொண்டுபோய் ஷெட்காரர் மேசைமேல் வைத்தேன். “எல்லா வண்டிக்கும் இப்படித்தாண்ணே பண்றோம், யாரும் கேட்டதில்லை” என்றார். முறையான பில் கேட்டதற்குச் சிரித்தார். பில் வாங்காமல் விட்டது என் தப்புதான். துண்டுச் சீட்டு, வெட்டிய வயர்களின் போட்டோ, ஜிபே விவரம் எல்லாம் சேர்த்துச் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை.

நான் போன அன்று அங்கே ஒரு பச்சை ஜீப் நின்றது. பள்ளத்தூர்க்காரருடையது என்று பேசிக்கொண்டார்கள், அதற்கும் எம்பிஎப்ஐதான் ஏறுகிறது. அவர் கண்ணில் இது பட்டால், டெலிவரி எடுக்கும் முன் சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பி, அந்த மஞ்சள் செக் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.